சம்பந்தம் விசாரிக்க வந்தவரிடம் வாய் தவறிய ஒரு வார்த்தை

ரெக்கார்ட் ரூம்:
காரைக்குடிப் பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில் ஃபைல் பார்க்கிறேன், குடிப்பழக்கத்துக்கும் இங்கேதான் சேர்ப்பார்கள். நடந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் வந்தார். ஒரு பையனின் பேரையும் ஊரையும் சொல்லி, "இங்கே படுத்திருந்தானாமே ஆத்தா, ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு, பேத்தியைக் கொடுக்கிற இடம்" என்றார். கூட்டமான நேரம். "அவரைப் பத்தி வெளியே சொல்ல முடியாதுங்க அய்யா" என்றேன். அவ்வளவுதான். ஃபைலைத் தொடக்கூட இல்லை. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார், பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "புரிஞ்சிருச்சு ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தம் நின்றுவிட்டது என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

தேவகோட்டைத் தங்கை:
அண்ணனுக்கு டைசல்ஃபிராம் வாங்கப் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர் நிற்க, "குடியை நிறுத்துற மாத்திரை, வீட்ல யாருக்கும்மா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். பக்கத்தில் எங்கள் வளவு அயித்தை. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றுவரை மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் வாங்குகிறோம்.

புதுவயல்:
ரெக்கார்ட் ரூம் வருத்தப்படுவதே எனக்குப் புரியவில்லை. எங்கள் ஆச்சியை, அதாவது அக்காவை, கட்டிக்கொடுத்த பதினோராம் நாள்தான் மாப்பிள்ளைக்குக் குடி என்று தெரிந்தது. முகப்பில் விழுந்து கிடந்தவரை நானும் அப்பச்சியும் (எங்கள் அப்பா) தூக்கினோம், அப்பச்சி வேட்டியெல்லாம் வாந்தி, அப்போதும் அப்பச்சி "மெதுவா, தலை இடிக்கும்" என்றுதான் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை இரண்டு இடத்தில் சிகிச்சைக்குப் போனவர், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு குடிகாரனிடமிருந்து ஒரு பெண் தப்பியிருக்கிறாள், நல்லதுதானே?

நைட் ஷிஃப்ட்:
புதுவயல் அண்ணே, கோபம் நியாயம்தான், ஆனால் மருத்துவமனை வாய் திறக்கும் என்று தெரிந்தால் அந்த இரண்டு தடவைகூட அவர் போயிருக்க மாட்டார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடக்கம். 23-ஆம் பிரிவுதான் ரகசியம் காப்பது. சிகிச்சை தரும் மற்ற மருத்துவர், நோயாளியின் நியமனப் பிரதிநிதி, யாருக்காவது உயிராபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விலக்குகள் உண்டு, சம்பந்தம் விசாரிப்பது அதில் இல்லை. தெரிய வேண்டும் என்றால் பையனிடமே நேராகக் கேளுங்கள். 25-ஆம் பிரிவுப்படி தன் ஆவணத்தைக் கேட்டு வாங்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது, மனம் இருந்தால் அவனே கொண்டுவந்து காட்டட்டும்.

நான் ஊரில் இருந்தபடியே அமெரிக்க போதை மீட்பு மையம் ஒன்றுக்கு பில்லிங் பார்க்கிறேன். அங்கே போதைச் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க 42 சி.எஃப்.ஆர். பார்ட் 2 என்று 1975-லிருந்து ஒரு மத்திய அரசு விதி. 2024-இல் திருத்தி, சிகிச்சைக்கும் பில்லுக்கும் ஒரே ஒப்புதலை எதிர்காலத்துக்கும் சேர்த்து வாங்கலாம் என்று ஆக்கினார்கள், ஆனால் ஒன்று மாறவில்லை. ஒருவர் அங்கே சிகிச்சையில் இருக்கிறார் என்பதே வெளியே தெரியாத மாதிரிதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி ஒரு பெண் அழுதுகொண்டே "என் கணவர் அங்கே இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றாள், பின்னால் குழந்தைச் சத்தம். எழுதிக்கொடுத்ததை மட்டும் படித்தேன். விடியும்வரை தூக்கம் இல்லை.

ரெக்கார்ட் ரூம் அக்கா, கவுண்டரில் எல்லோருக்கும் ஒரே வாக்கியமாக வையுங்கள்: "இங்கே யார் வந்தார், யார் வரவில்லை என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை." ஃபைல் அட்டையில் நோயின் பெயரை எழுதாதீர்கள், ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்பில் சீட்டைப் படம் எடுத்துப் போடவும் விடாதீர்கள்.

ரெக்கார்ட் ரூம்:
தம்பி சொன்ன வாக்கியத்தை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன்.

புதுவயல் அண்ணே, அந்தப் பையன் எங்களிடம் வந்தவர் என்று நான் இங்கே எங்கேயும் எழுதவில்லை. திரும்பப் படித்துப் பாருங்கள். வராதவர் என்றும் எழுதவில்லை, இனியும் எழுத மாட்டேன். நீங்களாகவே குடிகாரன் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அன்றைக்கு அந்த அய்யாவும் என் முகத்தைப் பார்த்து அப்படித்தான் முடிவு செய்தார்.