டர்பன்ல டிசம்பர் லீவு: 8 மாசக் கைக்குழந்தை, ரெண்டரை வயசுப் பையனோட எங்க போகலாம்?

மதுரைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். ஜூலைலதான் மதுரைல இருந்து தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பன் வந்தோம், கிளென்வுட்ல ஃபிளாட். பையனுக்கு ரெண்டரை வயசு, பொண்ணுக்கு 8 மாசம். வீட்டுக்காரர் கம்பெனியை டிசம்பர் நடுவுல மூடுனா ஜனவரி முதல் வாரந்தான் திறக்குறாங்க. அந்த நேரம் பாத்து மாமனார், மாமியாரும் ஊர்ல இருந்து வர்றாங்க. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா பையன் ஃபிளாட்டையே ரெண்டாக்கிடுவான்.

உஷாகா கடல் பூங்காவுக்கு டிக்கெட் எடுக்கலாம்னு இவர் சொல்றார். பொண்ணு இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கல, அவளை வச்சுக்கிட்டு நாள் முழுக்க அங்க இருக்க முடியுமா? கடல்ல பிள்ளைகளை இறக்கலாமா? அத்தைக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. இங்க பிள்ளை வளர்த்தவங்க சொல்லுங்களேன்.

பெரியகுளத்துக்காரி

வா தங்கச்சி. என் பிள்ளைங்க ரெண்டும் இந்த ஊர்லதான் தவழ்ந்து, நடை பழகி வளர்ந்துச்சுங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

எங்க போறதுங்கிறது அப்புறம். எப்ப போறதுன்னு முதல்ல முடிவு பண்ணு. டிசம்பர்ல இங்க 5 மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடும், பிள்ளைங்களும் அப்பவே முழிச்சிடும். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பு, ஒன்பதரைக்குள்ள திரும்பு. போன்ல 28 டிகிரின்னுதான் காட்டும். மதுரை வெயில் பாத்த நமக்கு அது ஒண்ணுமே இல்லைன்னு தோணும். ஆனா இங்க டிசம்பர்ல உச்சி நேரத்துச் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேரா நிக்கும். மேகம் போட்டிருந்தாலும் பிள்ளைத் தோல் சிவந்துபோகும், கூடவே புழுக்கம் வேற. பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும் கைக்குழந்தையை வெட்டவெளிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். பொண்ணுக்கு ஆறு மாசம் தாண்டிட்டதால சன்ஸ்கிரீன் போடலாம். ஆனா முழுக்கைச் சட்டையும், கழுத்தை மூடுற தொப்பியும்தான் முதல் காவல்.

காலங்காத்தால போறதுக்கு பீச் ஓரத்து நடைபாதை மாதிரி இடம் கிடையாது. உஷாகாவுல ஆரம்பிச்சு புளூ லகூன் வரைக்கும் அகலமா, மேடு பள்ளம் இல்லாம போகும். பிராம் தள்ளுறதுக்குக் கஷ்டமே இல்ல. அத்தை வேணுங்கிற இடத்துல பெஞ்சுல உட்கார்ந்துக்கலாம். மணல்ல சிங்கம், முதலைன்னு சிற்பம் செய்யிற பசங்க அங்க இருப்பாங்க, ரெண்டரை வயசுக்கு அதுவே பெரிய வேடிக்கை. கொஞ்சம் சில்லறை கொண்டுபோ, அவங்க பிழைப்பே அதுதான். நடைபாதையை ஒட்டி கணுக்கால் ஆழத்துல பிள்ளைகளுக்கான குளங்களும் இருக்கு. தண்ணி தெளிவா இருந்தா மட்டும் பையனை இறக்கு.

கடலைப் பத்திக் கேட்டியே. சுறா வராம வலை போட்டிருக்காங்க, கொடிக்கு நடுவுல உயிர்காக்குறவங்க நிப்பாங்க, அது உண்மைதான். ஆனா இது இந்தியப் பெருங்கடல், அலை முரட்டுத்தனமா வந்து இழுக்கும். உன் பிள்ளைகளுக்கு ஈர மணல் போதும். உங்க வீட்டுக்காரர் பையனைத் தூக்கிக்கிட்டு முழங்கால் தண்ணிக்கு மேல போகக் கூடாதுன்னு நான் கண்டிப்பாவே சொல்றேன். மழை பெய்ஞ்ச மறுநாள் அதுவும் கூடாது. ஆத்துத் தண்ணி அழுக்கையெல்லாம் கடல்ல கொண்டுவந்து சேர்க்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துல சாக்கடைக் குழாய்கள் உடைஞ்சதுல இருந்து ஈ.கோலி கிருமிப் பிரச்சினை விட்டு விட்டு வந்துக்கிட்டேதான் இருக்கு. எந்த பீச் திறந்திருக்குன்னு நகராட்சி அறிவிக்கும், பாத்துட்டுப் போங்க.

எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் பொட்டானிக் கார்டன்ஸ். 1849ல ஆரம்பிச்சது, உள்ள போகக் காசு கிடையாது, உங்க வீட்டுல இருந்தும் பக்கம். பெரிய பெரிய மரங்கள், ஒன்பது மணிக்கும் அடியில வெயில் இறங்காது. ஏரிக்கரைல ஒரு பாயை விரிச்சு பொண்ணைக் குப்புறப் போட்டுடு. புல்லைப் பிடிச்சு இழுப்பா, விரலைப் பிரிச்சுப் பாப்பா, திரும்பப் பிடிப்பா. 8 மாசப் பிள்ளைக்கு இதைவிட வேற என்ன விளையாட்டு வேணும்? பையனுக்குக் கூழைக்கடா, எகிப்து வாத்து, தொண்டை கிழியக் கத்துற ஹடேடா பறவை. ஏரிக்கு வேலி கிடையாது, அவனுக்கு ஒரு ஆள் தனியா வேணும். மாமாவுக்கு, பாக்கப் பனை மாதிரி இருக்கிற வுட்ஸ் சைகாட் மரத்தைக் காட்டுங்க. 1895ல இந்த மாகாணத்து ஒங்கோயே காட்டுல கண்டுபிடிச்சது, ஆண் மரம். பெண் மரம் உலகத்துல எங்கயுமே கிடைக்கல. இப்ப எங்க இருக்கிற வுட்ஸ் சைகாடும் அந்த ஒரே மரத்தோட கன்னுதான். உள்ளயே டீக்கடை இருக்கு, அத்தை அங்க உட்கார்ந்துடுவாங்க.

மார்னிங்சைட்ல மிட்செல் பார்க்கும் நல்லா இருக்கும். ஊஞ்சல், சறுக்குமரம், பெரிய ஆமைகள் எல்லாம் உண்டு.

உஷாகாவுக்கு நாள் முழுக்க டிக்கெட் வேண்டாம். சறுக்குத் தண்ணி விளையாட்டெல்லாம் பெரிய பிள்ளைகளுக்குத்தான். சீ வேர்ல்ட் மட்டும் எடுங்க. உடைஞ்ச கப்பல் மாதிரி கட்டின மீன் காட்சிசாலை, உள்ள குளுகுளுன்னு இருட்டா இருக்கும். பையன் சுறாவைப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே பொண்ணு பிராம்லயே தூங்கிடுவா. மழை நாளுக்குன்னு வச்சுக்கங்க. கிறிஸ்துமஸ்ல இருந்து புத்தாண்டு முடியிற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. ஜோகன்னஸ்பர்க்கே இங்க வந்து இறங்கும். புத்தாண்டு அன்னைக்கு பீச்ல பெத்தவங்களைத் தவறவிட்ட பிள்ளைங்க அழுறதைக் கேட்டா வயித்தைக் கலக்கும்.

பாலிட்டோ ரூபி

வணக்கம் பிள்ளை. நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப டர்பனுக்கு வடக்கால பாலிட்டோவில இருக்கிறம். கடல் தண்ணியில பிள்ளை விளையாட வேணுமெண்டால் இந்தப் பக்கம் ஒருக்கா வாங்கோ. தொம்சன்ஸ் பேயில பாறையளுக்குள்ள குளம் கட்டி வச்சிருக்கு, பெரிய அலை உள்ளுக்கை வராது. வத்து நேரம் பாத்து வரவேணும். பெருக்கு நேரத்தில மதிலுக்கு மேலால அலை அடிக்கும். பாறை வழுக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள் நல்ல செருப்புப் போடவேணும்.

வடகிழக்குக் காத்து அடிச்சு, கரையில நீலப் பை மாதிரிக் கிடக்கிறதைக் கண்டால் அண்டைக்குத் திரும்பிடுங்கோ. அதுதான் புளூபாட்டில், ஜெல்லி மீன் மாதிரிக் கொட்டுற கடல் உயிர். கரையில செத்துக் கிடந்தாலும் அதின்ரை நூல் சுடும்.

இன்னொண்டு. டிசம்பரில றோட்டு முழுக்க லிச்சி விப்பினம். மூண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு முழுசாக் குடுக்கவே கூடாது. கொட்டை வழுக்கி நேர தொண்டைக்குள்ள போகும். சதையைப் பிச்சுக் குடுங்கோ.

கார்க்காரன்

அம்மா, ஒரே ஒரு விஷயம். தாத்தா பாட்டி வந்தா பேத்தியை மடியிலதான் வச்சுக்குவேன்னு சொல்வாங்க. இங்க 2015ல இருந்து மூணு வயசுக்குட்பட்ட குழந்தை காருக்குள்ள குழந்தை இருக்கையிலதான் போகணும், அது சட்டம். உங்க ரெண்டு பிள்ளைக்குமே வேணும். ஆறு பேர் ஒரே கார்னா முன்கூட்டியே பெரிய வண்டிக்குச் சொல்லி வைங்க.

புழுக்கத்துக்குக் கொஞ்சம் மாறுதல் வேணும்னா ஹாவிக் போங்க. 95 மீட்டர் அருவி. கார் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல நின்னே பாக்கலாம், முட்டி வலிக்காரங்களுக்கு ஏத்த இடம். 1962 ஆகஸ்ட் 5ல மண்டேலாவைப் பிடிச்ச இடமும் அங்கிருந்து கிட்டதான். 50 இரும்புத் தூண்களை நட்டு வச்சிருக்காங்க. ஒரு குறிப்பிட்ட இடத்துல நின்னு பாத்தா எல்லாம் சேர்ந்து அவர் முகமாத் தெரியும். மதியத்துக்கு மேல அந்தப் பக்கம் இடி மின்னல் வரும், அதுக்குள்ள கிளம்பிடுங்க. டிசம்பர் 16 அரசு விடுமுறையை ஒட்டி என்3 நெடுஞ்சாலைல கரையை நோக்கி வர்ற பக்கம் வண்டி நகரவே நகராது. திரும்பி வரும்போது அதுல மாட்டுவீங்க, அந்த வாரம் வேண்டாம்.

மதுரைப்பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, ரெண்டு சந்தேகம். சாப்பாடு என்ன கட்டிக்கொண்டு போவீங்க? பார்க்ல குரங்கு தொல்லைன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. அப்புறம் அந்த புளூபாட்டில் பட்டுட்டா என்ன செய்யணும்? கேட்டதுல இருந்து அத்தை பீச்சே வேண்டாங்கிறாங்க.

பெரியகுளத்துக்காரி

அத்தையைப் பயமுறுத்தாத. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுப் போனாலே பாதி தொல்லை இல்ல.

பட்டுட்டா தேய்க்காத, மணலைப் போட்டும் அழுத்தாத. ஒட்டியிருக்கிற நூலை வெறுங்கையால தொடாம ஒரு அட்டையால எடுத்துட்டு, கடல் தண்ணியாலயே அலசு. அப்புறம் பொறுக்குற அளவு சுடுதண்ணில இருபது நிமிஷம் வை. சூட்டை உன் கையில பாத்துட்டுத்தான் பிள்ளைக்கு வைக்கணும். பீச்சுக்குப் போகும்போது ஒரு பிளாஸ்க் சுடுதண்ணி என் பையில எப்பவும் இருக்கும். பால் கலக்கவும் ஆகும், இதுக்கும் ஆகும். கைக்குழந்தைக்குப் பட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, முகத்துல பட்டாலோ நேரா டாக்டர்கிட்டப் போயிடு.

சாப்பாட்டுக்கு இட்லி போதும், நல்லெண்ணெய் தடவி மூடி இறுகின டப்பால வை. தயிர்சாதம் இந்தப் புழுக்கத்துல சீக்கிரம் புளிச்சிடும். குரங்கு இருக்கிறது நிஜம், பர்மன் புஷ் காட்டுலயும் உம்ஷ்லாங்கா பக்கமும் நிறைய. பையன் கையில வாழைப்பழத்தைக் கொடுத்துட்டு அங்க இங்க திரும்பாத, பிடுங்கும்போது நகம் கீறிடும். அந்த மாதிரி இடத்துல கார் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே ஊட்டிட்டு, அப்புறம் இறங்கு. பொண்ணுக்கு வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடு. காட்டுப்பாதைல நடந்திருந்தா வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பிள்ளைக்கும் காது மடிப்பு, அக்குள், தொடையிடுக்கெல்லாம் உண்ணி ஒட்டியிருக்கான்னு பாத்துட்டுக் குளிப்பாட்டு.

அத்தை மாமா வந்து தூக்கம் தெளிஞ்சதும் சொல்லு. பொட்டானிக் கார்டன்ஸுக்கு நானும் வர்றேன். ஏழரைக்கு கேட் திறப்பாங்க.