அக்கா மகளைக் கட்டுவிரியன் கடித்தபோது

பாம்பு கடித்த குழந்தைக்கும் விஷமுறிவு மருந்து பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான். இது தெரியாமல் பெற்றோர் பதறுவதை நேரில் பார்த்ததால் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பில் அக்கா வீடு. ஏழு வயது மகள், தரையில் பாயில் படுத்திருந்தவள், விடியும் முன்பே வயிறு வலிக்கிறது என்று எழுந்தாள். வாந்தியும் எடுத்தாள். ராத்திரி சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது. "கண்ணைத் திற சாமி" என்றால் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்குகிறாள், இமை மட்டும் ஏறவில்லை. தேடிப் பார்த்தும் பல் தடம் இல்லை, வீக்கமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் விஷ வைத்தியரிடம் போகலாம் என்றார். மாமா கேட்கவில்லை, வண்டியை நேரே பாலக்காட்டுக்கு விட்டார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "தரையிலா படுத்திருந்தாள்?" என்பதுதான். கட்டுவிரியனுக்குப் பல் சின்னது. தூக்கத்தில் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது.

10 குப்பி மருந்து என்றதும் மாமா, "பிஞ்சு உடம்பு சார், பாதி போதாதா?" என்றார். "பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து விடாது. உள்ளே போன விஷத்துக்குத்தான் மருந்து, எடைக்கு இல்லை" என்றார் டாக்டர். மருந்தைக் கலந்து ஏற்றும் சலைனை மட்டும் எடைக்குத் தக்கபடி குறைத்தார்கள். மருந்து ஏறத் தொடங்கியதும் உடம்பெல்லாம் தடிப்பு. இந்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, அலர்ஜி வரலாம். உடனே நிறுத்தி, தயாராக வைத்திருந்த அட்ரினலின் ஊசியைப் போட்டு, தடிப்பு அடங்கியதும் மறுபடி ஏற்றினார்கள்.

மருந்து ஏறியதும் கண் திறந்துவிடும் என்று நினைத்தோம். அப்படி இல்லை. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனைகளையே கெடுத்துவிடும். அவை தேறி வரும்வரை மூச்சுக்கு வென்டிலேட்டர்தான் துணை. "அசைய முடியாது, ஆனா காது கேட்கும். பேசிக்கிட்டே இருங்க" என்றார் நர்ஸ். அக்கா, வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றியே விடாமல் பேசினாள். முதலில் அசைந்தது கால் கட்டைவிரல். அப்புறம் இமை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

வண்டிப்பெரியார், மூணாறு பக்கம் இருப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கே முழமூக்கன் என்கிற குழிவிரியன் உண்டு. நம்மிடம் உள்ள மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். முழமூக்கன் விஷத்துக்கு அது வேலை செய்யாது. முழமூக்கன் கடித்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அது கடித்த குழந்தையைக் கூட இருந்து கவனித்தவர்கள் யாராவது இருந்தால், ஆஸ்பத்திரியில் என்னென்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.