மூடிய தியேட்டரின் எதிரொலியைப் பதிவு செய்ய உதவுங்கள்

பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தியேட்டரைச் சீக்கிரமே இடிக்கப் போகிறார்கள். அதற்குள் இன்னும் ஒரே ஒருநாள் உள்ளே போக எனக்கு அனுமதி இருக்கிறது. போட்டோக்கள் போன முறையே எடுத்துவிட்டேன். இப்போது வேண்டியது அந்த அரங்கின் சத்தம். அன்று சும்மா ஒருமுறை கைதட்டினேன். திரைப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. இருட்டுக்குள் யாரோ பதில் சொன்ன மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் அசையவே முடியவில்லை.

பலூனை உடைத்து அந்த ஒலியைப் பதிவு செய்தால், பிறகு எந்தக் குரலையும் அதே அரங்கில் ஒலிப்பதுபோலக் கேட்க வைக்கலாம் என்று தெரியும். மைக்கை எங்கே வைப்பது, நடுவிலா கடைசி வரிசையிலா? மெத்தை இருக்கைகள் ஒலியை உறிஞ்சும். இப்போது பாதி இருக்கைகள் இல்லை. ஆள் நிறைந்த காலத்து ஒலிக்கு அதை எப்படி நெருங்க வைப்பது?

அப்புறம், புரொஜெக்டர் அறையில் சில பிலிம் பெட்டிகள் கிடக்கின்றன. ஒன்றைத் திறந்ததும் வினிகர் வாடை. அசிடேட் பிலிம் சிதைகிறது என்று புரிந்து, தனியே தள்ளி வைத்தேன். மற்றவற்றில் 1950களின் தொடக்கம் வரை தயாரான நைட்ரேட் பிலிம் இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும். தொடுவதற்கு முன் அதை எப்படி அடையாளம் காண்பது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.