ஐரோப்பியச் சுற்றுலா விசா: எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது, அப்பாவின் பணிக்கொடையை எப்படிக் காட்டுவது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, மனைவி, எட்டு வயது மகள் ஆகியோரை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். பாரிசில் நான்கு இரவுகள், சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் மூன்று இரவுகள், அதன்பின் வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம் என இத்தாலியில் ஆறு இரவுகள் தங்கிவிட்டு ரோமிலிருந்தே ஊர் திரும்புவதாக எண்ணம்.

இங்குள்ள ஒரு பயண முகவரிடம் பேசியபோது, சென்னையில் இத்தாலிக்கான விண்ணப்ப நேரம் கிடைப்பது கடினம் என்றும், பாரிசில் எட்டு இரவுகள் தங்குவதுபோல விடுதி முன்பதிவு செய்து பிரான்சுக்கு விண்ணப்பித்துவிட்டு, விசா கைக்கு வந்ததும் அந்த முன்பதிவை ரத்து செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர் உறுதியாகச் சொல்வதால் குழப்பமாக இருக்கிறது.

இரண்டாவது ஐயம் பணத்தைப் பற்றியது. அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றார். பணிக்கொடை மொத்தமாக வந்ததை நிரந்தர வைப்பில் போட்டுவிட்டதால், அவருடைய சேமிப்புக் கணக்கில் இப்போது ஓய்வூதியம் மட்டுமே வந்துகொண்டிருக்கிறது. பயணச் செலவு முழுவதையும் நான்தான் ஏற்கப்போகிறேன். என் கணக்கிலிருந்து ஒரு தொகையை அவர் கணக்குக்கு மாற்றி இருப்பைக் கூட்டிக் காட்டுவது நல்லதா? அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் முழுமையாக இருக்கிறது. வங்கியிலும் ஓய்வூதிய ஆணையிலும் முதலெழுத்து மட்டுமே இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடும்பயணி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றீர்களே, அந்த எண்ணத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் 29-க்கும் பொதுவான விசா விதித்தொகுப்பு ஒன்று 2009-இல் இயற்றப்பட்டு, 2019-இல் திருத்தப்பட்டது. பல நாடுகளுக்குச் செல்பவர் எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறாரோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், தங்கும் நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்கலாம் என்பதும் அதில் தெளிவாக உள்ளன. உங்கள் திட்டப்படி அந்த நாடு இத்தாலி. விமானம் முதலில் பாரிசில் இறங்குவதால் எந்தக் குறையும் இல்லை. இத்தாலி வழங்கும் விசாவைக் கொண்டு பிரான்சின் வழியாக நுழையலாம்.

முகவர் சொல்லும் வழியில் உள்ள ஆபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உண்மையான திட்டத்தையே பிரான்சிடம் கொடுத்தால்கூடப் பெரிய இழப்பு இல்லை: தாங்கள் பொறுப்பான நாடு அல்ல என்று கண்டால் விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் திருப்பித் தந்து, எங்கே செல்ல வேண்டும் என்று தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. பொய்யான முன்பதிவைக் காட்டி விசா பெறுவது அப்படிப்பட்டதல்ல. ஏமாற்றிப் பெற்ற விசா என்று ஐயப்பட வலுவான காரணம் இருந்தால் அதை அடியோடு செல்லாததாக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பாரிஸ் விமான நிலையத்தில் உங்கள் அப்பாவிடம் எந்த விடுதியில் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்பித்த ஒருவரை அந்த இக்கட்டில் நிறுத்த வேண்டாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருப்பதால் நம் பக்கத்தவர்க்குப் பிரான்சு விசா எளிது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தூதரகம் அருகில் இருப்பதற்கும் விசா கிடைப்பதற்கும் தொடர்பில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்பதற்குத் தீர்வு முன்னதாகத் தொடங்குவதே. பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாட்கள். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் அது 45 நாட்கள் வரை நீளலாம். மே மாதப் பயணத்துக்குப் பொங்கல் முடிந்ததும் விண்ணப்ப மையத்தின் இணையதளத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுங்கள். அந்த மையம் ஆவணங்களை வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புமே தவிர, முடிவெடுப்பதில் அதற்குப் பங்கு கிடையாது. ஆகவே அங்கே கூடுதல் பணம் கட்டிப் பெறும் சொகுசு வசதிகள் எதுவும் விசா கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டா.

பழைய பேரேடு எழுதியது:

வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பணம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் கணக்கிலிருந்து அப்பாவின் கணக்குக்குப் பணம் மாற்ற வேண்டாம். விண்ணப்பத்துக்குச் சில நாட்கள் முன்பு திடீரென்று வந்து சேரும் பெருந்தொகையைப் பார்க்கும் எந்த அதிகாரியும் இது யாருடைய பணம், விசா வந்தபின் எங்கே போகும் என்றுதான் கேட்பார். இருக்கும் நிலையை அப்படியே காட்டுவதில் உங்கள் அப்பாவுக்கு எந்தக் குறையும் இல்லை. உண்மையில் அவருடைய நிலை மிகவும் வலுவானது.

மாதந்தோறும் தவறாமல் வரும் அரசு ஓய்வூதியம், அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்பதற்கு நல்ல சான்று. ஓய்வூதிய ஆணையின் நகல், ஓய்வூதியம் வரவாவதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, வைப்புத்தொகை ரசீது ஆகிய மூன்றையும் ஒன்றாக வையுங்கள். கணக்கு அறிக்கை எத்தனை மாதங்களுக்கு வேண்டும் என்பதை இத்தாலிக்கான ஆவணப் பட்டியலில் பார்த்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுங்கள். பணிக்கொடை வரவான பக்கமும் அதில் இருந்தால், அந்தத் தொகை எங்கிருந்து வந்து வைப்புக்குப் போனது என்பதை அதிகாரி தாமாகவே படித்துக்கொள்வார். அறிக்கையில் வங்கியின் முத்திரையும் கையொப்பமும் வாங்கிவிடுங்கள்.

செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதம் எழுதி, அதனுடன் உங்கள் வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டுகள், அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், அவர் மகன்தான் நீங்கள் என்பதைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றை இணையுங்கள். அம்மாவுக்கு வருமானம் இல்லை என்பதும் மறைக்க வேண்டிய செய்தி அல்ல. கணவரையும் மகனையும் சார்ந்து பயணம் செய்கிறார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பெயர் விஷயம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். வங்கி ஆவணத்தில் உள்ள முதலெழுத்து பாஸ்போர்ட்டில் விரிவாக உள்ள தந்தை பெயரையே குறிக்கிறது என்று கவரிங் லெட்டரில் விளக்குங்கள். முடிந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிப்பதாகப் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்து வங்கிக் கிளையிலிருந்தே ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். என் அக்காவுக்கு முன்பு ஒரு ஷெங்கன் விசா மறுக்கப்பட்டது. அதனால் இனி எப்போதும் கிடைக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

நெடும்பயணி எழுதியது:

உண்மை அல்ல. முந்தைய மறுப்பு ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துப் புதிய விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் கூடாது என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. மறுக்கும்போது காரணங்கள் குறிக்கப்பட்ட ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். பயண நோக்கத்துக்குப் போதிய விளக்கம் இல்லை, பணத்துக்குச் சான்று இல்லை, திரும்பி வருவார் என்பதில் ஐயம் இருக்கிறது என்பன போன்றவை அதில் இருக்கும். அக்காவிடம் அந்தத் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் குறிக்கப்பட்ட குறையைச் சரிசெய்யாமல் பழைய கோப்பையே மறுபடி கொடுப்பதில் பயனில்லை. மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு, அதற்கான முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனி, தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலை முதல் நிறுத்திவிட்டது.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தாலிக்கே விண்ணப்பிப்பதென்று முடிவு செய்துவிட்டோம். விமானச் சீட்டை இப்போதே பணம் கட்டி வாங்கிவிட வேண்டுமா? அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. காப்பீடு எடுக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பழைய பேரேடு எழுதியது:

போக வர முன்பதிவு இருந்தால் போதும், பணம் கட்டி வாங்கிய சீட்டுதான் வேண்டும் என்று விதித்தொகுப்பு வற்புறுத்தவில்லை. ஐந்து பேருக்குச் சீட்டு வாங்கிய பின் விசா மறுக்கப்பட்டால் இழப்பு பெரிது. விசாக் கட்டணமும் திரும்ப வராது; 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, உங்கள் மகளின் வயதில் உள்ளவர்களுக்கு 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும், நீங்கள் அங்கே தங்கும் எல்லா நாட்களுக்கும் செல்ல வேண்டும். விசாவுக்கு அது போதும், அப்பாவுக்கு அது போதாது. ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. சர்க்கரை நோயை மறைக்காமல் தெரிவித்து, அதனால் ஏற்படும் அவசரச் சிகிச்சையையும் ஏற்கும் திட்டமாகப் பார்த்து எடுங்கள், பிரீமியம் கூடுதலாக இருந்தாலும் சரி.

பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்ததும் மையத்தைவிட்டு வெளியேறும் முன்பே ஐந்து பேருடைய விசாவிலும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். விசா செல்லுபடியாகும் காலமும் தங்க அனுமதிக்கப்பட்ட நாட்களின் எண்ணிக்கையும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். காலம் வழக்கமாக 15 நாட்கள் கூடுதலாக இருக்கும், ஆனால் தங்குவதற்கு அந்த எண்ணிக்கைதான் கணக்கு. இறங்கும் நாளும் புறப்படும் நாளும் அதில் சேரும்.