59 செ.மீ. தலை, எல் சைஸ் ஹெல்மெட், ஆனாலும் நெற்றி வலிக்கிறது. அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பள்ளத்தூரான்

எல்லோருக்கும் வணக்கம். ஹெல்மெட் விஷயத்தில் ஒரு தடவை தவறிவிட்டேன், இரண்டாவது தடவையும் தவறக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு வேலை திருச்சியில். சனிக்கிழமை சாயங்காலம் புதுக்கோட்டை, திருமயம் வழியாக ஊருக்கு வந்து திங்கள் விடியற்காலையில் திரும்புவேன், ஒரு பக்கம் சுமார் 80 கிலோமீட்டர். வண்டி 350 சிசி. போன தீபாவளிக்கு ஆன்லைனில் 14,000 ரூபாய்க்கு முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். தையற்கடை இஞ்சு டேப்பைப் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே சுற்றி அளந்ததில் 59 செ.மீ. வந்தது. அட்டவணையில் 59-60 என்று போட்டிருந்த எல் சைஸைத்தான் எடுத்தேன். போட்டவுடன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் நெற்றி நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலி ஆரம்பிக்கிறது. திருமயம் கோட்டை கண்ணில் படும்போது கழற்றினால் போதும் என்று ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறது.

ஒரு நாள் வலி பொறுக்காமல் கடைசிப் பத்து கிலோமீட்டர் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தேன். முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பச்சி பார்த்துவிட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று இரவு அவர்கள் சாப்பிடவில்லை. அது மனசில் அப்படியே நிற்கிறது.

இப்போது 40,000 வரை செலவு செய்யத் தயார். ஷோய், ஆராய், ஏஜிவி என்று வெளிநாட்டு ஹெல்மெட் கம்பெனிகளைப் பற்றித் தினமும் படிக்கிறேன். எக்ஸ்எல் எடுத்தால் வலி போய்விடுமா? விலை கூடக்கூடப் பொருத்தமும் கூடுமா? நான் கண்ணாடி போடுகிறவன், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கோட்டையூர் 350

தம்பி, எக்ஸ்எல் மட்டும் எடுக்காதீர்கள். நானும் இப்படித்தான் வலிக்குப் பயந்து ஒரு சைஸ் பெரிதாக எடுத்தேன். வலி போனது, ஆனால் 80 வேகத்தில் காற்று ஹெல்மெட்டை மேலே தூக்கி நாடா கழுத்தை இழுக்கும், தலையைத் திருப்பினால் ஹெல்மெட் பாதிதான் கூடத் திரும்பும். ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன், இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு நாளும் விழவில்லை என்பது தெய்வாதீனம்.

கவுண்டருக்குப் பின்னால்

மதுரையில் ரைடிங் சாமான்கள் விற்கிற கடையில் ஆறு வருடம் நின்றவன் நான். நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே விடை இருக்கிறது: நெற்றியில் வலி, காதுக்கு மேலே இடைவெளி. உங்கள் தலை முன்பின்னாக நீளம், நீங்கள் வாங்கியது அதைவிட உருண்டையான ஹெல்மெட்.

அளவு வேறு, வடிவம் வேறு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் என் வேலையாக இருந்தது. டேப் சுற்றளவை மட்டும்தான் சொல்லும். இரண்டு பேருக்கு 59 வரலாம், ஒருவர் தலை முட்டை மாதிரி நீளமாகவும் இன்னொருவர் தலை தேங்காய் மாதிரி உருண்டையாகவும் இருக்கும், இருவருக்கும் ஒரே ஹெல்மெட் உட்காராது. உங்களுக்கு நேர் எதிர்க் கேஸும் உண்டு, பொட்டுப் பக்கம் இரண்டும் நசுங்கி வலிக்கும், நெற்றியிலும் பிடரியிலும் இடைவெளி இருக்கும், அது உருண்டைத் தலை நீள ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்ட கதை. எக்ஸ்எல் எடுத்தால் உங்களுக்கு நெற்றி அழுத்தம் குறையும், ஆனால் பக்கவாட்டு இடைவெளி இன்னும் பெரிதாகும். கீழே விழுந்தால் ஹெல்மெட் சுழலும், அல்லது கழன்றே போகும்.

வடிவத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தலைமுடியை நனைத்து ஒட்ட வாரிக்கொண்டு வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், நில்லுங்கள், யாரையாவது மேல்மாடியிலிருந்து நேர் கீழே ஜூம் செய்து படம் எடுக்கச் சொல்லுங்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு வசதி அதிகம், உயரத்திலிருந்து எடுத்தால் வடிவம் கோணாமல் விழும். அந்தப் படத்தோடு கடைக்குப் போங்கள்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். கூடுதல் பணத்துக்கு நல்ல வெளி ஓடு கிடைக்கும், காற்றுத் துளைகள் ஒழுங்காக வேலை செய்யும், கழற்றி மாற்றுகிற பேடுகள் வரும். விலை குறைந்தவற்றில் ஒன்றிரண்டு ஓடு அளவுதான் செய்வார்கள், எம், எல், எக்ஸ்எல் எல்லாவற்றுக்கும் அதே ஓடு, உள்ளே பஞ்சின் கனம் மட்டும் மாறும். நல்ல கம்பெனிகள் மூன்று நான்கு ஓடு அளவு செய்வார்கள். ஆனால் உங்கள் தலைக்கு வடிவம் ஒத்துவராவிட்டால் 80,000 ரூபாய் ஹெல்மெட்டும் நெற்றியில் குத்தும். ஆராய் அமெரிக்கச் சந்தைக்கு நீள்தலைக்காகச் சிக்னெட் எக்ஸ் என்றும் உருண்டைத் தலைக்காகக் குவாண்டம் எக்ஸ் என்றும் தனித்தனியாகவே செய்தது, ஒரே கம்பெனியில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்றால் பிராண்ட் பெயரை மட்டும் வைத்து எப்படி வாங்குவது? அதனால்தான் இந்த மாடலை வாங்குங்கள் என்று நான் பெயர் சொல்லவில்லை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். அரைமணி நேரம் கழற்றாமல் நில்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள், ஒரே இடத்தில் சிவந்திருந்தால் அந்த ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கன்னம் இறுக்கமாக இருப்பது நல்லது, எதையாவது மெல்லுவது போல வாயை அசைத்தால் கன்னத்தின் உட்பக்கம் பல்லில் படவேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கன்னத்துத் தோலும் கூடவே நகரவேண்டும், தோலின் மேல் வழுக்கினால் பெரியது. கடைசியாக நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்பக்கம் பிடரிக்குக் கீழே பிடித்து முன்னால் உருட்டிக் கழற்றப் பாருங்கள், கழன்றால் எந்த விலையானாலும் வேண்டாம்.

திருமயம் வளைவு

பொருத்தத்தோடு முத்திரையையும் பாருங்கள். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது, ஐஎஸ் 4151 என்று ஒட்டியிருக்கவேண்டும். 40,000 கொடுக்கிறவர் கூடவே ஈசிஇ 22.06 என்கிற ஐரோப்பியத் தர முத்திரையும் இருக்கிறதா என்று கேட்கலாம். நாடாவில் தைத்திருக்கும் சின்னத் துணியில் வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் எண்ணும், பக்கத்தில் 06 என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். பழைய 22.05 சோதனையில் நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில்தான் மோதவிட்டார்கள், 22.06-ல் 6.0, 8.2 இரண்டும் சேர்ந்தன, சாய்வான பரப்பில் மோதித் தலை சுழல்வதையும் அளக்கிறார்கள். பிரிட்டனில் 2007-ல் தொடங்கிய ஷார்ப் என்ற அரசுத் திட்டம் ஹெல்மெட்டுகளுக்கு 5 நட்சத்திரம் வரை கொடுக்கிறது, விலை குறைந்த சிலவும் அதில் 5 வாங்கியிருக்கின்றன.

பள்ளத்தூரான்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். பழைய ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோலை நெற்றிப் பக்கம் கரண்டிக் காம்பால் அழுத்திக் குழி செய்தால் வலி போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

கவுண்டருக்குப் பின்னால்

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் தெர்மாகோல் நசுங்குவதால்தான் அடியின் வேகம் குறைந்து மூளைக்குப் போகிறது. ஒரு தடவைதான் நசுங்கும், திரும்ப எழும்பாது. நீங்களே நசுக்கிவிட்டால் நெற்றியில் அடிபடும்போது அங்கே வேலை செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. வண்டிக் கண்ணாடியில் ஹெல்மெட்டைத் தொங்கவிடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், அந்தக் கண்ணாடி முனை உள்ளே குழி போட்டுவிடும். மாற்றலாம் என்றால் பேடுகளைத்தான் மாற்றலாம்.

செக்காலை ஸ்கூட்டர்

தம்பி, நானும் கண்ணாடி போடுகிறவள், காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். கடைக்குப் போகும்போது தினமும் போடுகிற அதே கண்ணாடியைக் கொண்டுபோங்கள். ஹெல்மெட்டைப் போட்டபிறகு கண்ணாடிக் காம்பை உள்ளே நுழைத்துப் பாருங்கள், சில மாடல்களில் கன்னப் பேடில் காம்புக்கென்றே பள்ளம் விட்டிருப்பார்கள். காம்பு பொட்டில் அழுத்தினால் அரைமணி நேரத்தில் தலைவலி வந்துவிடும், வடிவம் சரியாக இருந்தும் நான் ஒன்றை அதற்காகவே வேண்டாம் என்று வைத்தேன்.

அப்புறம் வியர்வை. நம் ஊர் சித்திரை வெயிலில் உள் துணியைக் கழற்றித் துவைக்க முடியாத ஹெல்மெட் இரண்டு மாதத்தில் நாறிப்போகும். கழற்றித் துவைக்கிற மாதிரி பாருங்கள், கொஞ்சம் ஷாம்பூ போட்டு அலசி முற்றத்து நிழலில் காயவைத்தால் போதும். தலைக்கு எண்ணெய் வைக்கிறவர் என்றால் உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் துணியோடேயே கடையிலும் போட்டுப் பாருங்கள். வைசர் தெளிவானதாகவே இருக்கட்டும், நீங்கள் விடியற்காலையில் கிளம்புகிறவர், கறுப்பு வைசர் அந்த நேரத்துக்கு ஆகாது.

பள்ளத்தூரான்

மறுபடியும் நான். வளவில் நின்று தங்கச்சியை மேலிருந்து படம் எடுக்கச் சொன்னேன். நீளமேதான், கவுண்டர் அண்ணே சொன்னது அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மதுரை போனேன். ஐந்து ஹெல்மெட் போட்டுப் பார்த்தேன். மூன்று நெற்றியில் சிவப்பு வைத்தது, ஒன்று கண்ணாடிக் காம்பை நசுக்கியது. ஐந்தாவது அரைமணி நேரம் கழித்தும் நெற்றியில் ஒன்றுமே இல்லை, கன்னம் மட்டும் நல்ல இறுக்கம். எல் சைஸ்தான், 31,000 ரூபாய், ஐஎஸ்ஐ இருக்கிறது, நாடாவில் 06 இருக்கிறது, பின்னாலிருந்து உருட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அங்கிருந்தே போட்டுக்கொண்டு மேலூர், திருப்பத்தூர் வழியாக வந்தேன். பிள்ளையார்பட்டியில் டீக்கு மட்டும் நிறுத்தினேன், வலிக்காக எங்கேயும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பச்சி ஹெல்மெட்டை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, தாங்களே கொண்டுபோய்ப் பெட்டகத்தின் மேல் வைத்தார்கள்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இடது காது மடங்கிக்கொண்டு லேசாக உரசுகிறது. ஆச்சி, இது போகப்போகச் சரியாகுமா?

செக்காலை ஸ்கூட்டர்

சரியாகும். போடும்போது இரண்டு நாடாவையும் வெளிப்பக்கம் நன்றாக இழுத்து விரித்துக்கொண்டு தலையை விடுங்கள், காது மடங்காது. புதுக் கன்னப் பேடு பதினைந்து இருபது மணி நேர ஓட்டத்தில் கொஞ்சம் இறங்கும், உங்கள் கணக்குக்கு ஐந்தாறு வாரம். அதற்குப் பிறகும் உரசினால் இடது பேடை மட்டும் ஒரு கனம் குறைவாகக் கேட்டு வாங்குங்கள்.