புதுப்பிப்பு: வேறு பேரிஷில் கல்யாணம், வழி கிடைத்தது

நாங்கள் குடியிருக்காத பேரிஷில் (ஒரு கோவிலின் பொறுப்பில் உள்ள வட்டாரம்), இங்கிலாந்துத் திருச்சபைக் கோவிலில் கல்யாணம் செய்யலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? செய்யலாம். மணப்பெண்ணின் பெற்றோர் அங்கேதான் மணம் முடித்தார்கள்; 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தொடர்பே போதும். அவர்களுடைய கல்யாணச் சான்றிதழைக் காட்டினோம்.

அலைச்சல் ஓலை வாசிப்பில்தான் (கல்யாண அறிவிப்பைக் கோவிலில் எல்லோர் முன்பும் வாசிப்பது). என் பேரிஷ், அவள் பேரிஷ், கல்யாணக் கோவில் என்று மூன்று இடம், ஒவ்வொன்றிலும் மூன்று ஞாயிறு. ஓரிடத்தில் ஒரு ஞாயிறு மறந்தே போனார்கள்! அடுத்த வாரம் வாசித்ததால் தப்பித்தோம். (என் பெயரிலுள்ள 'ழ'வில் விகார் (கோவில் பாதிரியார்) தடுக்கி நின்றது தனிக்கதை.) வாசித்து முடித்த 3 மாதத்துக்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும்.

இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள், அதனால் ஓலையே போதுமானது. விசாவில் இருப்பவர் என்றால் பதிவு அலுவலகத்தில் 28 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.