29–11 என்றால் ஜெயித்தோமா, தோற்றோமா?

செபராங் ஜெயா அக்கா · ஞாயிறு, 13 ஆகஸ்ட் 2023, மாலை 4.10

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்றைக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அவசரமாகத் தட்டுகிறேன், ஏழு மணிக்கு மறுபடி நைட் ஷிப்ட்.

நேற்று எங்கள் பினாங்கில் சட்டமன்றத் தேர்தல். அந்த நாள் எப்படிப் போனது என்று சொன்னால்தான் கேள்வி புரியும். அம்மாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயலிசிஸ். காலை ஆறரைக்குக் கொண்டுபோய் விட்டால் பதினொன்றுக்குத்தான் வெளியே வருவார். வீட்டில் கொஞ்சம் படுத்து எழுந்து சாயங்காலம் ஓட்டுப் போடலாம் என்றேன். கேட்கவில்லை. கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியபடியே நேராகப் பள்ளிக்கூடத்துக்குக் காரை விடச் சொன்னார். சாலுரான் என்றால் வயதுவாரியாகப் பிரித்த ஓட்டு வரிசை, ஒவ்வொன்றும் ஒரு வகுப்பறை. முதல் சாலுரான் வயதானவர்களுக்கு என்பதால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மகனுக்குப் பதினெட்டு, முதல் ஓட்டு. அவன் கடைசி சாலுரான், வெயிலில் நின்றான். நான் நடுவில். ஒரே வீட்டு ஆட்கள் மூன்று வகுப்பறையில்.

வீட்டுக்கு வந்ததும் கேழ்வரகு மாவு கரைத்து வைத்தேன். இன்று ஆடிக் கடைசி ஞாயிறு, கோயிலில் கூழ் ஊற்று. ஒரு பானை என் பொறுப்பு என்று ஜூலையிலேயே வாயைக் கொடுத்திருந்தேன். தேர்தல் தேதி இதற்கு முந்தின நாளில் வந்து விழும் என்று யார் கண்டார்கள்? அப்புறம் வேலைக்கு ஓடினேன். கைப்பேசி லாக்கரில். சாப்பாட்டு நேரத்தில் எடுக்கலாம்தான், ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் சாப்பிடுவதா, லாக்கருக்கு ஓடுவதா? கேன்டீன் தொலைக்காட்சியில் ஒரு முறை பக்கத்து மாநிலமான கெடாவின் வாக்கு எண்ணிக்கை ஓடியது. அவ்வளவுதான் பார்த்தேன்.

இன்று காலை ஏழு மணிக்குத் திறந்தால் குடும்பப் புலனத்தில் (வாட்ஸ்அப்) 214 செய்திகள். பினாங்குத் தீவில் இருக்கும் அண்ணன் ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) ராக்கெட் சின்னத்தைப் படம் படமாக அனுப்பித் தள்ளியிருக்கிறார்: 29, ஜெயித்துவிட்டோம். அதற்குக் கீழே என் மகன் ஒரே வரி: "அம்மா, நம்ம சீட் போச்சு." அண்ணன் அதற்கும் பட்டாசுப் படம் போட்டிருக்கிறார். படித்தாரா இல்லையா தெரியவில்லை.

தூங்காமல் கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரை வதக்கி, கோயிலுக்குப் போனேன். வரிசையில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் துக்க வீட்டுக்கு வந்தது மாதிரி நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள்தான்.

அதனால் கேட்கிறேன். 29–11, அதாவது ஆளும் கூட்டணிக்கு 29, எதிரணிக்கு 11, நல்லதா, கெட்டதா? எங்கள் தொகுதியில் எதிரணியின் இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஜெயித்திருக்கிறது, நாடாளுமன்றத் தொகுதியும் போன நவம்பரிலேயே அவர்களிடம் போய்விட்டது. இனி அம்மா விஷயமாக ஒரு கடிதம், ஒரு கையெழுத்து என்றால் நான் யாரிடம் போவது? மகன் வேறு, "நகராண்மைக் கழகத்துக்கு எப்போம்மா ஓட்டு?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் எனக்கே பதில் தெரியவில்லை.

பாயான் பாரு கணக்கப்பிள்ளை · ஞாயிறு, மாலை 4.52

அக்கா, உங்கள் அண்ணன் நான் இல்லை, ஆனால் நானும் நேற்றிரவு ராக்கெட் அனுப்பியவன்தான். மன்னிக்கவும்.

மொத்தம் 40 இடம். மூன்றில் இரண்டு பங்குக்கு 27 வேண்டும். அன்வாரின் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி தனியாகவே சரியாக 27, இந்த முறை அதோடு சேர்ந்து நின்ற அம்னோ கட்சியின் 2 சேர்த்து 29. ஹராப்பானில் இருக்கும் ஜசெக நின்றது 19, வென்றதும் 19. அந்த வகையில் பட்டாசு வெடித்ததில் தப்பில்லை.

ஆனால் 2018-ல் ஹராப்பான் 37, அம்னோ இருக்கும் பாரிசான் கூட்டணி 2, பாஸ் 1. அந்த ஒன்று பெனாகா. இப்போது பாஸ் இருக்கும் பெரிக்காத்தான் கூட்டணி 11. ஐந்து வருடத்தில் ஒன்று பதினொன்றாகியிருக்கிறது. கோயில் வரிசையில் முகம் வாடி நின்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டவர்களாக இருக்கும்.

இன்னும் பிரித்துப் பாருங்கள். தீவில் 19 இடம், அதில் ஹராப்பான் 17. போனது தெலுக் பஹாங், புலாவ் பெத்தோங் இரண்டும்தான். உங்கள் பக்கம், அதாவது பெருநிலத்தில், 21 இடம். ஹராப்பானுக்கு 10, அம்னோவுக்கு பெர்தாமும் சுங்கை ஆச்சேவும், மீதி ஒன்பதும் பெரிக்காத்தான். ஆக, உங்கள் அண்ணன் பார்ப்பது ஒரு தேர்தல், நீங்கள் பார்ப்பது வேறொரு தேர்தல். நடுவில் பாலம் மட்டும்தான் பொது.

நேற்றுத் தேர்தல் நடந்த ஆறு மாநிலத்தையும் சேர்த்தால் ஆட்சி 3–3. யாரும் யாரிடமிருந்தும் ஆட்சியைப் பிடுங்கவில்லை.

பிறை பையன் · ஞாயிறு, மாலை 5.15

கணக்கு சரி, ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சு வேறு. 2008-லிருந்து இங்கே சட்டமன்ற உறுப்பினர் பேராசிரியர் இராமசாமிதான், இரண்டாம் துணை முதலமைச்சரும் அவர்தான். இந்த முறை அவர் பெயர் பட்டியலில் இல்லை. புது வேட்பாளர் ஜெயித்துவிட்டார், சரி. ஆனால் இரண்டாம் துணை முதலமைச்சர் இனி யார் என்று காலையிலிருந்து ரொட்டி சானாய் கடையில் ஒரே வாக்குவாதம். 29–11 பற்றி அங்கே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

பாலிக் பூலாவ் தம்பி · ஞாயிறு, மாலை 5.40

நேற்று நான் ஓட்டு எண்ணும் இடத்தில் கட்சி ஏஜெண்டாக இருந்தேன். தூக்கம் போகாமல்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு வாக்களிப்பு முடிந்ததும் அதே வகுப்பறையிலேயே பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டுவார்கள். கோடு கட்டத்துக்கு வெளியே போயிருந்தால் அதற்கு ஒரு சண்டை. முடிந்ததும் பாரம் 14 என்ற முடிவுப் படிவத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. சாலுரான் வயதுவாரியாகப் பிரிந்திருப்பதால், எந்த வயதுக்காரர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது கதவுக்குக் கதவு தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளியில் முதல் வகுப்பறையில் நாங்கள் முன்னிலை. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தேன். மூன்றாவதில் சமம். கடைசி வகுப்பறையிலிருந்து வந்த நண்பர் ஒன்றும் பேசவில்லை, தாளை மட்டும் நீட்டினார். பொட்டலத்தை மூடிவிட்டேன். ஒரு பள்ளியை வைத்து மாநிலத்தைச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடைசி வரிசையில் நின்ற பிள்ளைகளில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள், பந்து விளையாட வருபவர்கள். யாரும் கோபமாக இல்லை. அவர்களுடைய கைப்பேசிக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை, எதிர்த்தரப்பு போய்ச் சேர்ந்தது.

அக்கா, உங்கள் தொகுதி மட்டும் இல்லை. பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்றத்துக்குக் கீழே இருக்கும் மூன்றும், செபராங் ஜெயா, பெர்மாத்தாங் பாசிர், பெனாந்தி, மொத்தமாகப் போய்விட்டன. 1982-லிருந்து நாற்பது வருடம் அன்வார் இப்ராஹிம் குடும்பம் வைத்திருந்த இடம். உங்களுக்கு வலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஓய்வு பெற்ற வாத்தியார் · ஞாயிறு, இரவு 8.20

அம்மா, கையெழுத்து விஷயத்துக்கு முதலில் வருகிறேன், அதுதான் உங்களுக்கு உடனே தேவை.

ஜெயித்தவர் எந்தக் கட்சியானாலும் இனி அவர்தான் உங்கள் ஒய்பி, அதாவது உங்கள் சட்டமன்ற உறுப்பினர். அவருடைய சேவை மையத்துக்குப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு, அவருக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. தயங்காதீர்கள். அது போக, எதிர்க்கட்சி வென்ற தொகுதிகளுக்கு மாநில அரசாங்கம் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிப்பது இங்கே வழக்கம். பெயர் வர நாளாகலாம். கிராம சமூக நிர்வாகக் குழு ஆட்களும் மாநில நியமனம்தான். மூத்த குடிமக்களுக்கான ஐ-செஜாஹ்தெரா மாநிலத் திட்டம், சமூகநல இலாகா உதவி மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது. இரண்டும் உங்கள் தொகுதி முடிவால் நிற்கப்போவதில்லை. அம்மாவின் அடையாள அட்டை நகல், மருத்துவ அட்டை நகல் இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள். நான் என் மனைவிக்கு அப்படித்தான் செய்தேன்.

இப்போது உங்கள் மகன். அவனைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது. வகுப்பில் இப்படி ஒரு கேள்வி கேட்டவனை நான் முன் வரிசைக்கு மாற்றியிருப்பேன்.

இந்த நாட்டில் நகராண்மைத் தேர்தல் இருந்தது. ஜார்ஜ்டவுனில் 1951 டிசம்பரில் நடந்தது, சுதந்திரத்துக்கு ஆறு வருடம் முன்பே. 1957 ஜனவரி முதல் நாளில் அது மாநகரமானது. அந்தக் காலத்தில் மேயர் நாற்காலியில் ஒரு தமிழர் இருந்தார், தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன். அவர் பெயரில் தீவில் ஒரு சாலை உண்டு. பழைய பெயர் ஸ்காட் ரோடு.

1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைத்ததுதான், ரத்து செய்யவில்லை. அதே ஆண்டு ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது, தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் கேட்கவில்லை. 1976-ன் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்குப் பதில் நியமனம் என்று எழுதிவிட்டது. 2012-ல் பினாங்கு சட்டமன்றம் தானே ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது, 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆகவே சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடை உரிமம் என்று நாம் தினமும் மல்லுக்கு நிற்கிற எதற்கும் நேரடியாக ஓட்டு இல்லை. உங்கள் மகனிடம் அப்படியே சொல்லுங்கள்.

பிறை பையன் · ஞாயிறு, இரவு 8.41

வாத்தியார் ஐயா, எங்களுக்கும் பள்ளியில் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஓய்வு பெற்ற வாத்தியார் · ஞாயிறு, இரவு 8.44

நான் கணித ஆசிரியர், தம்பி.

செபராங் ஜெயா அக்கா · திங்கள், 14 ஆகஸ்ட் 2023, காலை 8.05

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன். எல்லாருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளை எழுதியதை அப்படியே குடும்பப் புலனத்தில் போட்டேன். அண்ணன் ஐந்து நிமிடம் கழித்து, "உன் தொகுதியை நான் பார்க்கவே இல்லை தங்கச்சி" என்று எழுதினார். அதற்கு மேல் அவரிடம் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

பாலிக் பூலாவ் தம்பி எழுதியதை மகனிடம் படித்துக் காட்டினேன். "எனக்கு வீடியோ அனுப்பினதே அவங்க ஆளுங்கதாம்மா, உங்க ஆளுங்க யாரும் அனுப்பலையே" என்றான். அப்படியானால் நீ யாருக்குப் போட்டாய் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

வாத்தியார் ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்குத்தான் சத்தமாகப் படித்தேன். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். தாத்தா ஜார்ஜ்டவுனில் சிட்டி கவுன்சில் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவராம், அது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. மேலே கம்பியில் தொட்டுக்கொண்டு ஓடும் டிராலி பஸ். கவுன்சில் தேர்தல் வந்தால் தாத்தா சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, கோயிலுக்குப் போவது மாதிரி கிளம்புவாராம். அம்மாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். யாருக்குப்பா போட்டே என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு விழுந்ததாம்.

மகன் உடனே, "நீங்க யாருக்குப் பாட்டி போட்டீங்க?" என்றான். அம்மா விரலில் இருக்கும் மையைப் பார்த்துக்கொண்டே மீதி இட்லியைச் சாப்பிட்டார்.

கூழ்ப் பானையைக் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்னும் கழுவவே இல்லை. நாளை செவ்வாய், ஆறரைக்கு டயலிசிஸ். உறையில் அடையாள அட்டை நகல் போட்டுவிட்டேன் ஐயா, மருத்துவ அட்டையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.